தூக்கிவந்த குட்டி

அவருக்குச் சைரன் என்று பேர் வந்த கதை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பல வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஒருநாள் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும்போது, நட்ட நடு ரோட்டில் வண்டியின் சைரனுக்குத் தொண்டை அடைத்துப் போய்விட்டது. முன்னால் நின்ற லாரியும் பஸ்ஸும் அசையக் காணோம். இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தானே ஊளையிட்டுக்கொண்டு ஓட்டி, வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றிலிருந்து சைரன்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற நாட்களில் அவர் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காது.

அந்த வேலையை அவர் விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. விபத்து இல்லை, சண்டை இல்லை. ஒரு மத்தியானம் யாரையோ கொண்டுபோய் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கலாம் என்று பார்த்தால் கால் எழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்போது யாரோ வீட்டுக்குத் தகவல் சொல்ல, மனைவி வந்து கதவைத் திறந்தார். அவர் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைப்பவர். போட்டது போட்டபடி வந்ததால் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டயர் தேஞ்ச மாதிரி இருக்கு."

"வீட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்" என்று கையைப் பிடித்து இறக்கி நடத்திக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு சைரன் ஆம்புலன்சில் ஏறவில்லை.

கொஞ்ச காலம் சும்மா இருந்தார். பிறகு கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த மீட்பு நிலையத்தில் டிரைவர் வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். அடிபட்டோ, நோய் கண்டோ கரை ஒதுங்கும் சீல் எனப்படும் கடல்நாய், டால்பின் மாதிரியான ஜீவன்களைத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்து, தேறியதும் திரும்பக் கடலில் விடுகிற இடம் அது. அவர் போட்ட கணக்கு எளிமையானது. வண்டியின் பின்னால் ஒரு மிருகம் படுத்திருக்கும். "இன்னும் எவ்வளவு தூரம்? பொழைச்சிடுவாரா?" என்று கேட்க அதற்குச் சொந்தக்காரர் யாரும் கூட வரமாட்டார்கள். நிம்மதி.

கணக்கு தப்பு என்பது சீக்கிரமே புரிந்தது. கழுத்தில் அறுந்த வலை இறுகிச் சதையோடு சதையாகிப் போன கடல்நாய்கள் வந்தன. படகின் விசிறி முதுகைக் கிழித்துவிட்டவை வந்தன. பாதி வழியில் பின்னாலிருந்து வரும் மூச்சுச் சத்தம் நின்றுபோகும். சொந்தக்காரர்கள் இருந்தாலாவது ஒரு அழுகுரல் கேட்கும். இங்கே வண்டிக்குள் எதுவுமே கேட்காது. அது வேறு மாதிரி அலுப்பு. போதாக்குறைக்கு ஒரு கிழட்டுக் கடல்நாய் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. விரல் பழுத்து, வீங்கி, மருந்துமேல் மருந்து மாற்றிக் கடைசியில் தப்பியது. ஆனால் மடங்குவதை மட்டும் நிறுத்திக்கொண்டது.

"நீங்க யார்கிட்ட எதைப் பேசினாலும் விரலை நீட்டி மிரட்டற மாதிரியே இருக்கு" என்பார் மனைவி. மீன் நாற்றம் பிடித்த அவருடைய சட்டைகளை வீட்டுக்குள் விடுவதில்லை. வாசலில் ஒரு வாளி இருந்தது. சட்டை முதலில் வாளிக்கு, ஆள் அப்புறம் குளியலறைக்கு, அதற்கப்புறம்தான் பேச்சுவார்த்தை.

கடல்நாய்கள் குட்டி போடுகிற பருவம்தான் எல்லாவற்றிலும் மோசம். தாய், குட்டியைக் கரையில் படுக்கவைத்துவிட்டு இரை தேடக் கடலுக்குள் போகும். வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து பால் கொடுக்கும். அதுவரை குட்டி தனியாகத்தான் கிடக்கும். பார்க்கிற மனிதர்களுக்கு மனசு கேட்காது. தண்ணீரை மொண்டு ஊற்றுவார்கள், ரொட்டியைப் பிய்த்துப் போடுவார்கள், துடுப்பைப் பிடித்துக் கடலுக்குள் இழுத்துவிடுவார்கள். எதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் படுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "தள்ளி நில்லுங்க, அதுவா பாத்துக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சைரனுக்கு வாய் வலித்துவிட்டது.

அந்தப் பருவத்தில் ஒருநாள் காலை, நிலையத்துக்கு ஒரு சலூனிலிருந்து போன் வந்தது. கடல்நாய்க் குட்டி ஒன்றைக் காப்பாற்றிக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார் சலூன்காரர். சைரன் கூண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சலூன் வாசலில் தேர்க்கூட்டம். உள்ளே, தலை அலசுகிற பீங்கான் தொட்டியில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல் பூத்துவாலை போர்த்தியிருந்தது. சலூன்காரர் ஒரு கையால் அதன் தலையைத் தாங்கி, இன்னொரு கையால் தண்ணீர் அடிக்கிற பாட்டிலில் பாலை நிரப்பி அதன் வாயில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முறை எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

"ம்மா... ம்மா..." என்றது குட்டி.

"கேட்டீங்களா சார்? அம்மான்னு கூப்பிடுது. விடிஞ்சதும் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். பாறைக்கு நடுவுல தனியாக் கிடந்தது. கண்ணுலேர்ந்து தாரை தாரையாத் தண்ணி. சுத்திப் பாத்தேன், யாருமே இல்ல. பெத்தவளே விட்டுட்டுப் போயிட்டா போலிருக்கு. மனுஷனாப் பொறந்தவன் எப்படி சார் பாத்துட்டுப் போறது?"

சைரன் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார். அந்த மாதத்தில் இப்படி வந்த குட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது.

"அது அழல. நமக்குக் கண்ணீர் மூக்கு வழியா இறங்கும். இதுக்கு அந்த வழி இல்ல, வெளியதான் வழியும். அழுதாலும் அப்படித்தான், சிரிச்சாலும் அப்படித்தான்."

"அப்போ அதோட அம்மா?"

"மீன் பிடிக்கப் போயிருக்கும். இந்நேரம் வந்து தேடிட்டு இருந்தாலும் இருக்கும். நீங்க காப்பாத்தலீங்க. தூக்கிட்டு வந்துட்டீங்க."

சொன்ன பிறகுதான், விரல் வேறு சலூன்காரரின் மூக்குக்கு நேராக நீண்டிருந்தது தெரிந்தது. சலூன்காரர் முகம் சுருங்கிப் போனது. பேச்சைத் தொழிலோடு சேர்த்துக் கற்றவர், பூத்துவாலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பாதி முகக்காரர் மட்டும் மெல்ல, "அண்ணா, இதை முடிச்சிட்டுப் பேசினா நல்லாருக்கும்" என்றார்.

சைரன் நிலையத்து டாக்டருக்குப் போன் போட்டார். அந்தப் பெண்ணும் அன்று காலையிலிருந்து உட்காரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"குட்டி எப்படி இருக்கு அண்ணா? மெலிஞ்சிருக்கா?"

"நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு டாக்டர். காயம் ஒண்ணும் இல்ல. பால் கொஞ்சம் குடுத்திருக்காங்க."

"மாட்டுப்பாலா? ஐயோ. சரி, உள்ளே அதிகம் போயிருக்காதுன்னு நினைப்போம். எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விடுங்க. தள்ளி இருந்து பாருங்க. தாய் வந்தா நல்லது. சாயங்காலம் வரைக்கும் வரலேன்னா இங்க கொண்டுவந்துடுங்க."

எடுத்த இடம் சலூன்காரருக்குத்தான் தெரியும். அவர் நுரைக்காரரின் மறுபாதியை அவசர அவசரமாக வழித்துவிட்டுக் கடையைப் பூட்டினார். வண்டியில் ஏறியவர் வழி நெடுகக் கூண்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாறைகளுக்கு நடுவே குட்டியை இறக்கிவிட்டு, இருவரும் வெகு தூரம் பின்வாங்கி, மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் மறைவில் உட்கார்ந்தார்கள். சைரன் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டார். வெயில் ஏறியது. கடற்கரையில் நடக்க வந்தவர்கள் குட்டியைப் பார்த்துவிட்டு நெருங்கத் தொடங்கினார்கள். எழுந்துபோய்த் தடுக்கவேண்டும் என்று நினைத்தாலே சைரனுக்கு முட்டி வலித்தது.

"நீங்க இருங்க சார்" என்று சலூன்காரர் எழுந்து போனார். வந்தவர்களை வாங்க வாங்க என்று கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிற மாதிரி வரவேற்று, காதோடு காதாக எதையோ சொல்லி, சிரிக்கவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு போகவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"பச்சைக்குழந்தை தூங்குது, எழுப்பிட்டா நீங்கதான் தாலாட்டணும்னேன். அவ்வளவுதான்."

இத்தனை வருஷமாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார் சைரன்.

மத்தியானம் சலூன்காரர் போய் டீயும் பன்னும் வாங்கிவந்தார். டீயைக் கொடுக்கும்போது சைரனின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க முன்னாடி ஆம்புலன்ஸ் ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன்."

"சைரன் கெட்டுப்போய், தலையை வெளிய நீட்டிக் கத்திக்கிட்டே ஓட்டினது நீங்கதானே? நான் பின்னால உட்கார்ந்திருந்தேன் சார். என் வீட்டுக்காரி படுத்திருந்தா."

சைரன் டீயைக் கீழே வைத்தார். ஊரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறது, அவரும் கூடச் சிரித்திருக்கிறார். ஆனால் வண்டியில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொன்னதில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு ஆஸ்பத்திரி வாசலோடு கதை முடிந்துவிடும். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும், கதவு ஆடி நிற்கும், அடுத்த போன் வரும். எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறார். ஒருவருடைய முடிவும் அவருக்குத் தெரியாது.

கேட்கலாமா வேண்டாமா என்று டீயை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார். பிறகு கேட்டார். "பொழைச்சாங்களா?"

"பொழைச்சா. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டரே சொன்னார். அப்புறம் ரெண்டு வருஷம் இருந்தா. ஒரு பக்கம் கை கால் வரல, வாய் மட்டும் நல்லா வந்துச்சு. என்னைத் திட்டித் தீர்த்துட்டுத்தான் போனா." சலூன்காரர் பன்னைப் பிட்டார், ஆனால் வாயில் போடவில்லை. "அந்த ரெண்டு வருஷமாவது கிடைச்சதேன்னு எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. எனக்கு அது போதல சார். ஆனா அதுவும் இல்லாமப் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல."

சைரன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது தாய் வந்தது. முதலில் அலைக்கு நடுவே வழவழப்பான ஒரு தலை. அது மூழ்கியது, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் எழுந்தது. குட்டி கழுத்தைத் தூக்கி, "ம்மா" என்றது. தாய் பதில் கொடுத்தது. சைரன் சலூன்காரரின் கையை அழுத்திப் பிடித்தார். சலூன்காரர் மூச்சு விடுவதைக்கூட நிறுத்திவிட்டார். தாய் ஆழமில்லாத தண்ணீரில் வயிற்றால் உந்தி உந்தி ஏறத் தொடங்கியது. பாதி உடம்பு கரையில், பாதி தண்ணீரில்.

அப்போதுதான் மேட்டிலிருந்து ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. கட்டியிருக்கவேண்டிய கயிறு அதன் சொந்தக்காரர் கையில் இருந்தது. அவர் வெகு தூரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு திசையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

சைரன் எழுந்தார். கத்தியிருப்பார், அவருக்குக் கத்தத் தெரியும். ஆனால் கத்தினால் தாய் மிரண்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு, மணல் காலை வாரிவிட வாரிவிட, நாய்க்குக் குறுக்கே ஓடினார். நாய் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, நேரே தண்ணீருக்குப் போய்க் குரைத்தது. ஒரு சளப் சத்தம். வழவழப்பான தலையைக் காணோம்.

நாய்க்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். "அது ஒண்ணும் பண்ணாது சார், ரொம்ப சாது." சைரன் மணலில் உட்கார்ந்தபடி தலையை மட்டும் ஆட்டினார். திட்டுவதற்குத் தெம்பு இல்லை.

வெளிச்சம் மங்கும்வரை இருந்து பார்த்தார்கள். தாய் வரவில்லை. குட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, தலையை மணலில் வைத்துக்கொண்டது. வயிற்றுக்குப் போன பால் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. சைரன் கூண்டைக் கொண்டுவந்தார்.

வண்டியில் சலூன்காரர் கேட்டார். "நான் காலையில தூக்காம இருந்திருந்தா..."

"தெரியாதுங்க" என்றார் சைரன். "நீங்க தூக்கலேன்னாலும் நாய் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்."

"பொழைச்சிடுமா?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் ஒரு வேலையையே விட்டார். "அதுவும் தெரியாது. ஆனா இந்தத் தடவை என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியவரும்" என்றார்.

அன்று வீட்டில் சட்டையை வாளியில் போட மறந்து அப்படியே உள்ளே வந்தார். மனைவி வாயைத் திறப்பதற்குள், "அன்னைக்கு நான் கத்திக்கிட்டுக் கொண்டுபோனேனே, அந்தம்மா பொழைச்சாங்களாம்" என்றார். மனைவி தையலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நாற்றத்தைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை.

குட்டிக்கு அடுத்த சில நாட்கள் போதாத காலம். வயிற்றுப்போக்கு நின்றது, உடனே நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் குழாய் வழியாக அதற்கென்று கலக்கிய பாலை வயிற்றுக்குள் இறக்கினார். சைரன் அதை முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டார். அது இருமும்போது அவருடைய தொடையெல்லாம் அதிர்ந்தது. பக்கத்துத் தொட்டியில் இருந்த வேறொரு குட்டி ஒரு காலையில் அசையாமல் கிடந்தது. டாக்டர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழவே இல்லை. சைரன் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "டீ குடிங்க டாக்டர்" என்று டம்ளரை நீட்டினார்.

சலூன்காரர் கடை விடுமுறை நாளில் எல்லாம் வந்துவிடுவார். தொட்டிகளைத் தேய்ப்பார், மீன் நறுக்குவார். கத்தி பிடிக்கிற கை ஆகையால் மீன் துண்டுகள் அச்சில் வார்த்த மாதிரி விழும். ஆனால் குட்டிகளுக்குப் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். மனிதக் குரலுக்குப் பழகிவிட்டால், கடலில் விட்ட பிறகும் மனிதர்களைத் தேடி வந்து மாட்டிக்கொள்ளும். சலூன்காரருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும், அணை உடைந்த மாதிரி பேசுவார். சைரன் கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் கேட்டபடியே கண்ணயர்ந்துவிடுவார். சலூன்காரர் அதைக் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டே போவார்.

சளி கரைந்தது. குட்டி முழு மீனை வாயில் வாங்கித் துப்பியது, திரும்பத் திரும்பத் துப்பியது. எல்லோரும் அலுத்துப்போயிருந்த ஒருநாள் யாரும் ஊட்டாமலே தண்ணீரில் கிடந்த மீனைத் தலைப்பக்கமாகக் கவ்வி விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நீந்தியது. டாக்டர் சத்தமில்லாமல் கைதட்டுகிற பாவனை செய்தார். பிறகு அது கொழுத்தது. கிட்டே போனால் சீறியது, கடிக்க வந்தது. சைரன் தன் விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

விடுகிற நாள் காலையில் கடற்கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திருப்பமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். பின்துடுப்பில் அடையாள வில்லை மாட்டிய அந்தக் குட்டியோடு இன்னும் இரண்டு குட்டிகள். கூண்டுகளைத் திறந்தார்கள். மற்ற இரண்டும் விழுந்தடித்துக்கொண்டு அலைக்குள் போய்விட்டன. இது மட்டும் வாசலில் நின்று மூக்கை அப்படியும் இப்படியும் திருப்பி மோப்பம் பிடித்தது. சலூன்காரர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு அது தண்ணீரை நோக்கி உந்திப் போனது. ஒரு அலை அதன்மேல் ஏறியது. அலை இறங்கியபோது அங்கே எதுவும் இல்லை.

வாயிலிருந்து கையை எடுத்த சலூன்காரர், "ஒரு தடவையாவது திரும்பிப் பாத்துச்சா பாருங்க" என்றார். "நன்றிகெட்ட ஜென்மம்." அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் சைரன். அந்தக் கடலில் எங்கேயோ தாய் இருக்கும். குட்டியை இனி அதற்கு அடையாளம் தெரியாது, குட்டிக்கும் அதைத் தெரியாது.

திரும்பும் வழியில் சலூன்காரர் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார். அவர் தூங்கி சைரன் பார்ப்பது அதுதான் முதல் முறை. வண்டியைப் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டிவந்து சலூன் முன்னால் நிறுத்தினார். பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் முடியைக் கோதிக்கொண்டு காத்திருந்தார்கள். எழுப்பலாம் என்று கையை எடுத்தவர், எழுப்பாமல், எஞ்சினை மட்டும் நிறுத்தினார். கொஞ்ச நேரம்தான் என்று தலையைச் சீட்டில் சாய்த்தார்.

காத்திருந்தவர்களில் ஒருவர் வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தபடி இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணா, இன்னைக்குக் கடை உண்டா இல்லியா?"